லட்சுமிவாரம் என்றால் எந்தக் கிழமை

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். கோடு போட்ட தாளில் எழுதினாலும் என் எழுத்து கோட்டில் நிற்காது, கீழே இறங்கிவிடும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது ஐம்பத்து நான்கு வயதிலும் எனக்குச் சந்தேகம்தான். ஆந்திராவில் வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். அதற்கு மேல் படிப்பதானால் தெலுங்குப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். "கூலி வேலைக்கு எந்த பாஷையா இருந்தா இன்னாடா" என்று நைனா என்னைக் கூடவே வேலைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். தப்புகளைத் திருத்திக்கொள்கிறோம் என்று இதைக் கேட்ட பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் மூன்று பேர். திருப்பதியில் இந்த வாரம் எங்கே பாட்டுக் கச்சேரி, எங்கே ஓட்டப் பந்தயம், எந்த மைதானத்தில் கிரிக்கெட், எந்த மலை வழியில் நடைப்பயணம் என்று வாரா வாரம் கைப்பேசியில் போடுகிறார்கள். அதில் ஹேமா என்ற பெண் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. நான் முன்பு மைக் வண்டியில் போனவன் என்று யாரோ சொல்லி, ஒருநாள் வந்து நின்றது.

"அங்கிள், அந்தக் காலத்துல ஊருக்கெல்லாம் நீங்கதான் சொல்வீங்களாமே. இப்ப நாங்க செய்யறதும் அதே வேலைதானே? கொஞ்சம் பேசுங்க, ரெக்கார்டு பண்ணிக்கறேன்."

கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தது. எனக்கு வாய் வரவில்லை. கால் மணி நேரம் இருவரும் காப்பி குடித்தோம். "எழுதித் தரேம்மா" என்றேன். அது சொல்லி எட்டு மாதம் ஆகிறது.

பேசிப் பிழைத்தவனுக்கு வாய் வரவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு எதிரே ஆள் இருந்தால் பேச்சு வராது. கையில் மைக் இருந்து, கேட்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் வரும். கடைக்காரரிடம் கால் கிலோ பருப்பு கேட்கத் தயங்குகிறவன், சித்தூர் ஊர் முழுவதையும் "வாருங்கள், வாருங்கள்" என்று இருபது வருடத்துக்கு மேல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பது வயதில் சித்தூரில் முனிரத்தினம் என்பவருடைய மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு மாதம் பெட்டி தூக்கினேன், ஒயர் சுற்றினேன், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒருநாள் அறிவிப்புச் சொல்கிறவர் வரவில்லை. முனிரத்தினம் அண்ணன் என்னை ஆட்டோவில் ஏற்றி, பின் சீட்டில் முதுகைத் தெருவுக்குக் காட்டி உட்காரச் சொன்னார். "ஆளைப் பாக்காத. காயிதத்தப் பாரு" என்றார். அன்றிலிருந்து அது என் வேலை.

அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மைக்கைச் சோதிக்க எல்லோரும் "ஹலோ, ஹலோ" என்பார்கள். அவர் சொல்ல மாட்டார். கட்டைவிரல் நகத்தால் மைக்கின் தலையில் இரண்டு தட்டு தட்டுவார். அதிலேயே எந்த ஒலிபெருக்கிக் குழாய் சரியில்லை என்று தெரிந்துகொள்வார். அவருக்குக் கோபம் வந்தால் ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சை அணைப்பார். சொல்ல வேண்டியது எதுவானாலும் அதற்குப் பிறகுதான் சொல்வார்.

என்னைப் பழக்கியபோது, என்னைக் கடையில் பேச விட்டுவிட்டு அவர் தெருக் கோடியில் போய் நின்று கேட்டார். திரும்பி வந்து, "கத்தாதடா ஏமலை. கத்தறது கொழாயோட வேலை. உன் வேலை சொல்றது" என்றார். என் பெயர் ஏழுமலை. அவர் வாயில் அது ஏமலை.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. ஓடுகிற வண்டி என்பதால் ஒரு வீட்டுக்காரர் காதில் நாம் சொல்வதில் நாலு வரிதான் விழும். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் என்ன நிகழ்ச்சி, பிறகு எந்த இடம், கடைசியில்தான் எந்த நாள். கடைசியாக விழுவதுதான் காதில் தங்கும். நாளைச் சொல்லும்போது கிழமையும் தேதியும் சேர்த்து மூன்று தடவை. முதலில் தெலுங்கு, பிறகு தமிழ். ஆஸ்பத்திரிக்கு முன்னாலும், சாவு விழுந்த வீட்டுக்கு முன்னாலும் நிறுத்திவிட வேண்டும்.

"பேர தப்பா சொன்னா கோச்சிக்குவான், அப்புறம் சமாதானம் ஆயிடுவான். நாள தப்பா சொன்னா அவன் நிகழ்ச்சியே செத்துப்போச்சு. கிழமைய மட்டும் யார் சொன்னாலும் வுடாத, தேதி கேளு" என்பார்.

எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. அதனால் தெலுங்கு அறிவிப்பையும் தமிழ் எழுத்திலேயே நோட்டில் எழுதிக்கொள்வேன். தமிழில் ஒரே க, ஒரே ப. தெலுங்கில் அப்படி இல்லை. அதற்கு நானே ஒரு வழி செய்துகொண்டேன். எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் மெதுவாகச் சொல்ல வேண்டும், புள்ளி இல்லாவிட்டால் அழுத்தமாக. அந்தப் புள்ளிகளோடு நான் படித்தால், பிறந்ததிலிருந்து தெலுங்கு பேசுகிறவன் என்றுதான் கேட்கிறவர்கள் நினைப்பார்கள். அது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கேபிள் டிவி வந்து, ஜனங்களை வீட்டை விட்டு வெளியே இழுப்பது கஷ்டமாகிவிட்ட நேரம். இளவட்டங்கள் குவைத்துக்கும் பெங்களூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பங்குனி மாதம், நல்ல வெயில். முனிரத்தினம் அண்ணன் உறவுக்காரர் கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தார். கடையில் நான் மட்டும். கோதாவரிப் பக்கத்திலிருந்து அப்பாராவ் என்று ஒருவர் வந்தார். அவருடைய தம்பி சத்தியம் ஏழு நாள் காலைத் தரையில் வைக்காமல் சைக்கிள் ஓட்டுகிறவர். ஊர் ஊராகப் போய்ச் செய்கிறார்கள். எங்கள் கடையிலிருந்து மைதானத்துக்கு மைக் செட், ஊருக்குள் ஆட்டோவில் அறிவிப்பு, இரண்டும் வேண்டும் என்றார்.

அவர் வேகமாகப் பேசினார். அந்தப் பக்கத்துத் தெலுங்கு எனக்குப் புதிது. நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். முடிவில், "லட்சுமிவாரம் சாயந்திரம் ஆறு கண்ட்டலக்கு திகுத்தாடு" என்றார். லட்சுமிவாரம் மாலை ஆறு மணிக்குத் தம்பி இறங்குவான் என்று அர்த்தம்.

எங்களுக்கு லட்சுமிக்கு உரிய நாள் வெள்ளிக்கிழமை. வீடு கழுவி, விளக்கேற்றி, வாசலில் கோலம் போடுகிற நாள். என் தெலுங்கு நோட்டில் அதற்கு சுக்கிரவாரம் என்று இருக்கிறது. இந்த ஆள் அதையே கொஞ்சம் பக்தியாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். 'சுக்கிரவாரம்' என்று எழுதிக்கொண்டேன். தேதி கேட்க வேண்டும் என்று மனதில் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டால், இவனுக்குத் தெலுங்கே தெரியாது என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சமாக இருந்தது. அவர் வேறு கிளம்புகிற அவசரத்தில் நின்றுகொண்டிருந்தார். தலையை ஆட்டிவிட்டேன்.

மைதானத்தில் வட்டமாகக் கயிறு கட்டி, நடுவில் கம்பம் நட்டு, சத்தியம் சுற்ற ஆரம்பித்தார். சைக்கிள் மேலேயே சாப்பாடு, குளியல், சவரம். சாயந்திரங்களில் கொஞ்சம் கூட்டம் நின்று பார்த்துவிட்டுப் போகும். இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு உயிர் கடைசி நாள்தான். ஏழு நாள் முடிந்து அவன் காலைத் தரையில் வைப்பதைப் பார்க்கத்தான் ஊர் திரளும். அதற்காகத்தான் நானும் டிரைவர் ஷபியும் தெருத் தெருவாகப் போனோம். "சுக்கிரவாரம் சாயந்திரம், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு" என்று, தேதி இல்லாமலே, ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். ஏழு நாள் என்றைக்கு முடிகிறது என்று விரல் விட்டு எண்ணிப் பார்க்கக்கூட இல்லை. மைதானத்துப் பக்கம் மட்டும் போகவில்லை. அங்கே ஏற்கனவே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை சாயந்திரம் ஐந்தரை மணி. பெரிய தெருவில் வந்துகொண்டிருந்தோம். "ரேப்பு" என்றால் நாளை. "ரேப்பு, சுக்கிரவாரம்" என்று நான் சொல்லும்போது வண்டி சட்டென்று நின்றது. ஆட்டோவுக்கு எதிரே அப்பாராவ் கையை விரித்துக்கொண்டு நின்றார். வேர்த்து வழிந்தது. கூட்டம் ஏன் வரவில்லை என்று பார்க்க மைதானத்திலிருந்து ஓடி வந்திருக்கிறார்.

"ரேப்பா? ஏமி ரேப்பு? ஈ ரோஜே கதா!" என்றார். இன்றைக்குத்தானே, என்கிறார்.

நான் நோட்டை எடுத்துக் காட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்து எங்கே தெரியும். "லட்சுமிவாரம் என்று சொன்னீர்கள்" என்றேன், தெலுங்கில். "ஆமா, லட்சுமிவாரம். இன்றைக்கு லட்சுமிவாரம்!" என்று கத்தினார்.

ஷபி திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "யப்பா ஏமலை! அவங்க பக்கத்துல லட்சுமிவாரம்னா வியாழக்கெழமைப்பா. நாம பேஸ்தவாரம்னு சொல்றோமே, அது!" என்று சிரித்தான். பிறகு அப்பாராவின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டியை மைதானத்துக்குத் திருப்பினான்.

மைதானத்தில் முப்பது, நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அதில் பாதிப் பேர் அந்த வழியாகப் போகிறவர்கள். வேலூரிலிருந்து திரும்பியிருந்த முனிரத்தினம் அண்ணன் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றிருந்தார். அப்பாராவ் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு சுவிட்சை அணைத்தார். பாட்டு நின்றது. சைக்கிள் செயின் சத்தம் மட்டும் கேட்டது.

"தேதி கேட்டியா?"

"இல்லண்ணா."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்தார், திரும்பச் செருகினார். "போ. சுத்திக்கினு இருக்கானே, அவன்கிட்ட நீயே சொல்லு. மைக் இல்லாம சொல்லு."

கயிற்றைத் தாண்டி உள்ளே போனேன். சைக்கிளில் இருக்கிறவர் நிற்க முடியாது. நான்தான் கூடவே ஓட வேண்டும். என் வயதுதான் இருக்கும் சத்தியத்துக்கு. முழங்கால் இரண்டும் வீங்கி, முகம் கறுத்துப்போயிருந்தது. முதல் சுற்றில் நான் வாயே திறக்கவில்லை. யாரோ ரசிகன் என்று நினைத்து அவர் ஒரு கையை எடுத்து வணக்கம் வைத்தார். இரண்டாவது சுற்றில் "அண்ணா" என்றேன். "செப்பண்ணா" என்றார், சொல்லுங்கள் என்று. மூன்றாவது சுற்றில், மூச்சு வாங்க, சொல்லிவிட்டேன். லட்சுமியைச் சொன்னேன், வெள்ளிக்கிழமையைச் சொன்னேன், தேதி கேட்காததைச் சொன்னேன்.

அவர் ஒரு முழுச் சுற்று மிதித்தார். பிறகு, "மீ லட்சுமி ஒக ரோஜு லேட்டா?" என்றார்.

உங்கள் லட்சுமி ஒரு நாள் லேட்டா என்று கேட்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் பேசியதெல்லாம் தெலுங்குதான். இனி அதைத் தமிழில் எழுதுகிறேன். "ஊரு நாளைக்குன்னு நினைச்சிருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எல்லாரும் வருவாங்களா?" தெரியாது என்றேன். "சொன்னது நீதானே?" என்றார். அப்பாராவ் வட்டத்துக்கு வெளியிலிருந்து, "டேய், மணி ஆறாகுது, இறங்கு. ஏழு நாள்னு சொன்னோம், முடிஞ்சுது" என்று கூப்பிட்டார்.

"போன ஊர்ல மழை. உன் முன்னாடியும் ஒரு மாட்டு முன்னாடியும் இறங்கினேன்" என்றார் சத்தியம் அவரிடம், மிதித்துக்கொண்டே. "அடுத்த மாசம் குவைத்து போறேன். இதுக்கப்புறம் எனக்குச் சைக்கிள் இல்ல. கடைசியா ஒரு தடவை ஆளுங்க முன்னாடி இறங்கறேன். நாளைக்கு."

"காலைப் பாருடா. விழுந்துடுவ."

"விழுந்தா கணக்குல சேராது. அவ்வளவுதானே?"

அப்பாராவ் என் சட்டையைப் பிடித்தார். அடிக்கவில்லை. "ராத்திரி நான் பாத்துக்கறேன். ஏழு நாளா தூங்காதவன் நானும். காலையிலிருந்து நீ பாரு. அவன் தூங்கி விழுந்தான்னா, அவன் எதுக்காக விழுந்தான்னு ஊருக்கு நீதான் சொல்லணும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் போனேன். அப்பாராவ் மர நிழலில் விழுந்து தூங்கினார். முனிரத்தினம் அண்ணன் வந்து, "இன்னிக்கு வண்டி வாணாம். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்ட" என்று மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பத்து மணிவரை பரவாயில்லை. தண்ணீர் கொடுத்தேன், கஞ்சி கொடுத்தேன், தலையில் ஈரத் துணி போட்டேன். பன்னிரண்டு மணிக்கு மேல் மைதானத்தில் ஒரு ஆளும் இல்லை. அப்போதுதான் அந்தத் தூக்கத்தைப் பார்த்தேன். கண் திறந்திருக்கும், கால் மிதித்துக்கொண்டிருக்கும், ஆள் இருக்க மாட்டார். சைக்கிள் மெல்ல மெல்லக் கயிற்றைப் பார்த்துப் போகும். நான் ஓடிப்போய் ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. தொட்டால் அதுவும் கணக்கில் சேராதாம். பேசித்தான் எழுப்ப வேண்டும்.

"பேசண்ணா. ஏதாவது பேசு" என்றார். நாக்கு குழறியது.

என்ன பேசுவது? யாரோடும் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. ஊர் பேரைச் சொன்னேன். நைனா பேரைச் சொன்னேன். "துன்னியா" என்று கேட்டேன், நானே கஞ்சி கொடுத்துவிட்டு. அதோடு தீர்ந்துபோனது. சக்கரம் மறுபடி கயிற்றுப் பக்கம் சாய்ந்தது. பையில் நோட்டு இருந்தது. மைக்கை எடுத்து, நகத்தால் இரண்டு தட்டு தட்டி, நோட்டில் கைக்கு வந்த பக்கத்திலிருந்து, தேதியை விட்டுவிட்டு, படிக்க ஆரம்பித்தேன்.

"பங்காருபாளையத்தில் மாபெரும் கபடிப் போட்டி! எட்டு ஊர் அணிகள் மோதுகின்றன. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு!"

சத்தியத்தின் தலை நிமிர்ந்தது.

"கங்காதர நெல்லூரில் விளக்கு வெளிச்சத்தில் மூன்று நாள் வாலிபால்! சித்தூர் பஜாரில் மெட்ராஸ் குழுவினரின் மெல்லிசைக் கச்சேரி! ஏரிக்கரையில் மாடு விடும் விழா! பதினெட்டு நாள் பாரதக் கூத்து! பெண்களுக்கான கோலப் போட்டி, முதல் பரிசு குத்துவிளக்கு!"

நாலைந்து வருட நோட்டு அது. தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை படித்தேன். அவர் சுற்றி வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டார்.

"கபடியில யார் ஜெயிச்சாங்க?"

"தெரியாது."

அடுத்த சுற்று. "மாடு யாரையாவது முட்டுச்சா?"

"நான் பாக்கல."

"கச்சேரி?"

"பாக்கல. அன்னிக்கு வாலிபாலுக்குச் சொல்லப் போயிட்டேன்."

"அப்ப வாலிபால்?"

"அன்னிக்குக் கூத்துக்குச் சொல்லப் போயிட்டேன்."

அவர் ஒரு சுற்று யோசித்துவிட்டு வந்து, "அண்ணா, நீ எதையுமே பாக்கலையா?" என்றார்.

அதுவரை அதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு நிகழ்ச்சி நடக்கிற நேரத்தில் நான் அடுத்ததற்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். சித்தூர் ஜில்லாவில் நடந்த ஆட்டம் பாட்டம் எல்லாம் எனக்கு நோட்டுப் புத்தகம்தான். "இல்ல. ஒண்ணும் பாக்கல" என்று மைக்கிலேயே சொன்னேன். காலி மைதானத்தில் அது பெரிதாகக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து, ரோட்டோர டீக்கடைக்காரர் துண்டால் தலையை மூடிக்கொண்டு ஓடி வந்தார். "யோவ், பங்காருபாளையத்துல கபடியா? எப்ப? எனக்குத் தெரியவே தெரியாதே!"

"அது போன வருசம்ண்ணா."

"போன வருசத்து கபடிய இன்னிக்கு இன்னாத்துக்கு சொல்லிக்கினு கீற? கடைய மூடிக்கினு வந்தேன்யா!"

சத்தியம் சிரித்தார். அப்படிச் சிரித்ததில் சைக்கிள் ஆடி விழப்போய், நிமிர்ந்தது. அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை. டீக்கடைக்காரர் திட்டிக்கொண்டே போய், இரண்டு டீ அனுப்பினார்.

நாலரை மணியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஐந்தரைக்குக் கயிற்றைச் சுற்றி ஐந்து ஆறு வரிசை. மரத்தில் ஆள், மதில் மேல் ஆள், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஆள். நான் சொன்னதைக் கேட்டு வந்த ஒரு கூட்டத்தை அன்றைக்குத்தான் என் கண்ணால் பார்த்தேன். மைக்கை முனிரத்தினம் அண்ணனிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் டிரம் பக்கமாக, உயரமான ஆட்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஆறு மணிக்குச் சத்தியம் பிரேக் பிடித்தார். ஒரு காலை இறக்கித் தரையில் வைத்தார். அதை வைத்தபோது ஊர் போட்ட சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது காலை வைத்ததும் மடங்கிவிட்டார். விழுவதற்குள் நாலு பேர் தோளில் தூக்கினார்கள். மாலை போட்டார்கள், சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்தினார்கள். அப்பாராவ் ஒரு பக்கம் நின்று துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேலே இருந்தபடியே சத்தியம் மைக்கைக் கேட்டு வாங்கினார். ஊருக்கு நன்றி சொன்னார். பிறகு, "மைக் அண்ணன் எங்கே?" என்றார். "எல்லாரையும் வாங்க வாங்கன்னு அவர் கூப்பிட்டார். அவரை யாரும் கூப்பிடல. இப்ப நான் கூப்பிடறேன். வா அண்ணா."

மைக் அண்ணன் யார் என்று யாருக்குத் தெரியும்? குரலைத்தான் தெரியும். முனிரத்தினம் அண்ணன் மட்டும் நேராக என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. நானே வரட்டும் என்று விட்டிருப்பார். எல்லோரும் தலையைத் திருப்பித் தேடினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து திரும்பி, பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் டிரம்மைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.

முனிரத்தினம் அண்ணன் அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டின் அட்டையில் மட்டும் பென்சிலால் 'தேதி' என்று எழுதி வைத்தார். அதற்குப் பிறகு நான் தேதி கேட்காமல் விட்டதில்லை.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒருமுறை பேசிப் பதிவு செய்து பென் டிரைவில் போட்டால் போதும் என்று வந்துவிட்டது. என் குரல் ஷபியோடு வண்டியில் போகும், நான் கடையில் உட்கார்ந்திருப்பேன். தூரத்துத் தெருவில் நான் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருப்பது எனக்கே கேட்கும். முனிரத்தினம் அண்ணன் காலமான பிறகு கடை இல்லை. திருப்பதியில் வேறொரு கடையில் சில வருடம் இருந்தேன். பிறகு தொண்டை கட்டிக்கொண்டு, டாக்டர் பேசாதே என்றார். விட்டுவிட்டேன்.

என் மனைவி வள்ளி குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. மகளைக் கட்டிக்கொடுத்தது பெங்களூரில். வள்ளிக்கு அங்கே வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு போன் செய்யும். நான் ம், ம் என்பேன். "மைக்குல பேசறாப்புல பேசேன்யா, நாலு வார்த்த கேக்கறேன்" என்று திட்டும். ஒருமுறை தைரியமாக, அந்த ஊரில் கோதாவரிப் பக்கத்துச் சத்தியம் என்று யாரையாவது தெரியுமா என்று கேட்டேன். "இங்க சத்தியம்னு கூப்ட்டா பத்து பேரு திரும்புவான். யாரு அவன்?" என்றது. சொல்ல வரவில்லை. இந்தத் தாளை ஹேமா படம் பிடித்து வள்ளிக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. சத்தியம் யார் என்று வள்ளி தெரிந்துகொள்ளட்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் போடுவதில் 'இந்த வியாழன்' என்று மட்டும் போடுகிறீர்கள். தேதியும் போடுங்கள். எந்த வாரத்தில் பார்க்கிறானோ, எந்த ஊர்க்காரனோ.

போன வாரம் ஹேமா வந்து ஒரு சீட்டைக் கொடுத்தது. மைதானத்தில் பாட்டுக் கச்சேரி, திறந்த வெளி, தரையில்தான் உட்கார வேண்டுமாம். "எழுதித் தரலைன்னா பரவால்ல அங்கிள், வந்தாலே போதும்" என்றது. எந்தத் தேதி என்று கேட்டேன். சீட்டிலேயே இருக்கிறது என்று சிரித்தது. அதனால்தான் எட்டு மாதமாக எழுதாததை இன்று காலையிலிருந்து உட்கார்ந்து எழுதினேன். சட்டை துவைத்துக் காய்கிறது. மணி மூன்றரை. ஆறு மணிக்குக் கச்சேரி. வாசல்வரை போய்த் திரும்பிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. கையில் இந்தத் தாள் இருந்தால், கொடுப்பதற்காகவாவது உள்ளே போவேன்.

திருப்பதி,
21-11-2024, வியாழக்கிழமை.
அதாவது, லட்சுமிவாரம்.